கமர்ஷியல் பைலட் ஆக என்ன தகுதி வேண்டும்? பணம் கட்டுவதற்கு முன் ஒரு வழிகாட்டி

பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது, "எந்த ஃப்ளையிங் ஸ்கூல் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வி நான்காவதாக வர வேண்டியது. அதற்கு முன்னால் உடல், வயதும் படிப்பும், மொழி என்று பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று இடறினால் கட்டிய பணம் கட்டியதுதான், திரும்ப வராது. அதனால் தகுதிகளை எந்த வரிசையில் சரிபார்த்தால் நஷ்டம் குறையுமோ, அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

எந்த லைசென்ஸ், யார் வகுத்த விதி

தனியார் பைலட் லைசென்ஸ் (பிபிஎல்) வைத்திருப்பவர் தன் ஆசைக்கு ஓட்டலாம், நண்பர்களை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்கக்கூடாது. சம்பளம் வாங்க வேண்டுமென்றால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) வேண்டும். இதை வைத்துக்கொண்டு ஒரே பைலட் ஓட்டும் சிறு விமானங்களில் தலைமை பைலட்டாகவும், பெரிய விமானங்களில் துணை பைலட்டாகவும் பணியாற்றலாம். பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டன் இருக்கையில் உட்கார அதற்கும் மேலே ஏடிபிஎல் என்ற லைசென்ஸ் இருக்கிறது. நம் பேச்சு நடுவில் உள்ள சிபிஎல்லைப் பற்றியது.

1944-ல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்தின் வழியே உருவான ஐகாவோ என்னும் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புதான் இதற்கெல்லாம் அடிப்படை வரையறை வகுக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் பைலட் லைசென்ஸுக்கான குறைந்தபட்சத் தகுதிகள் இருக்கின்றன. 193 நாடுகள் இதில் உறுப்பினர்கள். நாடுகள் அந்த அடிப்படைக்கு மேல் தங்கள் விதிகளைச் சேர்த்துக்கொள்ளும். இங்குமங்கும் விலகவும் செய்யும். ஆகவே கீழே வரும் எண்களில் பெரும்பாலானவை ஐகாவோவின் அடித்தளம். நீங்கள் எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்களோ, அந்த நாட்டு ஆணையத்தின் இன்றைய விதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மெடிக்கல்

சிபிஎல்லுக்கு ஐகாவோ கேட்பது முதல் வகுப்பு மருத்துவச் சான்று. இதைக் குடும்ப டாக்டர் தர முடியாது. விமான ஆணையம் அங்கீகரித்த மருத்துவப் பரிசோதகர் மட்டுமே தர முடியும். சில நாடுகளில் முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று எடுத்து மாணவர் பைலட்டாகச் சேர்ந்துவிடலாம், முதல் வகுப்பைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கும். விதி அனுமதித்தாலும் அப்படிச் செய்யாதீர்கள் என்பதே என் ஆலோசனை. முதல் வகுப்பில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்த பிறகே ஒரு ரூபாயாவது கட்டுங்கள்.

கண்ணைப் பற்றிய வதந்திகள்தான் அதிகம். கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போர் விமானிகளுக்கான கெடுபிடியை சிவில் பைலட்டுகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ஐகாவோ கேட்பது, ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6. கண்ணாடியோ லென்ஸோ போட்டு இந்த அளவு வந்தால் போதும். அப்படித் தேறியவர் பறக்கும்போது கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் இன்னொரு ஜோடியும் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மிக அதிகமான பவர் இருந்தால் கூடுதல் பரிசோதனை கேட்பார்கள். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது நாட்டுக்கு நாடு மாறும்.

உண்மையில் பலரைத் தடுக்கும் இடம் நிறப்பார்வை. இந்தச் சோதனை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தில் வட்டத் தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் பல அளவுப் புள்ளிகள், பச்சையும் ஆரஞ்சும் பழுப்புமாகக் கலந்து கிடக்கும். நல்ல நிறப்பார்வை உள்ளவருக்கு அந்தப் புள்ளிகளுக்கு நடுவே 74 போன்ற ஓர் எண் சட்டென்று தெரியும். சிவப்பு, பச்சைக் குறைபாடு உள்ளவர் அதே தட்டில் 21 என்று படிப்பார், அல்லது எண்ணே தெரியவில்லை என்பார். இதுதான் இஷிஹாரா சோதனை. தட்டு காட்டிய சில விநாடிகளில் பதில் சொல்ல வேண்டும். விரலால் தடவித் தடவி யோசிக்க முடியாது. இந்தக் குறைபாடு பிறவியிலேயே வருவது, பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். வேடிக்கை என்னவென்றால், இருபது வயது வரை தனக்கு அது இருப்பதே தெரியாமல் பலர் வளர்ந்துவிடுகிறார்கள். டிராஃபிக் விளக்கில் மேலே இருப்பது சிவப்பு, கீழே இருப்பது பச்சை என்று இடத்தை வைத்தே பழகிவிடுகிறது இல்லையா?

தட்டுகளில் தோற்றால் கதை முடிந்தது என்றும் இல்லை. விமானப் போக்குவரத்தில் பயன்படும் நிற விளக்குகளைச் சரியாகப் பிரித்தறிய முடிகிறது என்று வேறொரு சோதனையில் நிரூபித்தால் தகுதி தரலாம் என்று ஐகாவோ இடம் விட்டிருக்கிறது. எந்தச் சோதனை, எங்கே என்பது நாட்டைப் பொறுத்தது.

காதுக்கு ஆடியோமெட்ரி எடுப்பார்கள். 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் ஒவ்வொரு காதிலும் இழப்பு 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, 3,000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலைத் தாண்டக்கூடாது. முதல் முறை ஈசிஜி கட்டாயம். ரத்த அழுத்தம், சிறுநீர், நுரையீரல் எல்லாம் பார்ப்பார்கள். வலிப்பு நோய் இருந்தால் பொதுவாகக் கதவு மூடிவிடும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு நெடுங்காலம் கதவு முழுவதும் மூடியே இருந்தது. இப்போது பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகள் கடும் கண்காணிப்புடன் அனுமதிக்கின்றன. உயரத்துக்கு ஐகாவோ எந்த அளவும் வைக்கவில்லை. கால் பெடலுக்கு எட்ட வேண்டும், கண் டாஷ்போர்டுக்கு மேலே வெளியே பார்க்க வேண்டும். சில விமான நிறுவனங்கள் மட்டும் தங்கள் பங்குக்கு ஓர் அளவு வைத்திருக்கும்.

பழைய அறுவை சிகிச்சை, நாள்பட்ட மருந்து, மனநல சிகிச்சை எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். முன்பு எடுத்த சிகிச்சைகளில் பலவற்றுக்கு ஆவணம் காட்டினால் வழி பிறக்கும். மறைத்தது பின்னால் தெரிந்தால் லைசென்ஸே பறிபோகும். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை பைலட் தன் மனநலப் பாதிப்பை நிறுவனத்திடம் மறைத்து, விமானத்தை வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். உள்ளே இருந்த 150 பேரும் இறந்தார்கள். அதன் பிறகு இந்த விஷயத்தில் ஆணையங்கள் யாரையும் லேசில் விடுவதில்லை.

சான்று கிடைத்த பிறகும் அது நிரந்தரம் இல்லை. பொதுவாக 12 மாதம் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், 40 வயதைத் தாண்டித் தனி ஆளாகப் பயணிகளை ஏற்றி ஓட்டுபவர்களுக்கும் 6 மாதம்தான். வேலையில் இருக்கும் காலம் முழுவதும் இந்தத் தேர்வு தொடரும்.

வயதும் படிப்பும்

சிபிஎல் கையில் கிடைக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். பிபிஎல்லுக்கு 17. பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கலாம். மேல் வரம்பு லைசென்ஸுக்கு இல்லை, வேலைக்குத்தான் இருக்கிறது. சர்வதேச வணிக விமானங்களில் தனி பைலட்டாக 60 வரை, இரண்டு பைலட் உள்ள விமானங்களில் 65 வரை. முப்பத்தைந்தில் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: விதிப்படி தாராளமாக. பயிற்சிச் செலவைச் சம்பாதித்து எடுக்க எத்தனை வருடம் மிஞ்சும் என்ற கணக்கை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பில் ஐகாவோ எந்தப் பட்டமும் கேட்கவில்லை. அமெரிக்க விதியிலும் பள்ளிப் பாடம் பற்றி நிபந்தனை இல்லை. இந்தியாவில் நெடுங்காலமாகப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் கேட்டு வருகிறார்கள். அதைத் தளர்த்தும் யோசனையும் எழுந்திருக்கிறது. கணிதத்தில் மேதையாக இருக்கத் தேவையில்லை. வேகம், நேரம், தூரம், கோணம், சதவீதம் இவற்றை விமானம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே மனதுக்குள் போடத் தெரிந்தால் போதும்.

ஆங்கிலம்

இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. ஐகாவோவுக்கு ஆறு படிநிலை அளவுகோல் உண்டு. சர்வதேச வான்வெளியில் பறக்க குறைந்தது நான்காம் நிலை வேண்டும். 2008 மார்ச் முதல் இது கட்டாயம். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு அம்சத்திலும் மதிப்பிடுவார்கள். ஐந்து அம்சத்தில் ஐந்தாம் நிலை வாங்கி ஒன்றில் நான்கு வாங்கினால், உங்கள் நிலை நான்குதான். நான்காம் நிலைக்காரர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வு எழுத வேண்டும், ஐந்துக்கு ஆறு வருடம், ஆறாம் நிலை வாங்கிவிட்டால் பிறகு தேர்வே இல்லை.

இதில் பலர் தடுமாறுவது பேச்சில் இல்லை, கேட்பதில். ரேடியோவில் இரைச்சலோடு, பல நாட்டு உச்சரிப்பில், வேகமாக வரும் வாக்கியத்தை ஒரே தடவையில் பிடித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானக் கட்டுப்பாட்டு அறையின் ஒலிப்பதிவுகளைப் பயிற்சிக்குச் சேரும் முன்பே தினமும் கேட்டுப் பழகுவது நல்லது.

நாட்டையும் ஸ்கூலையும் இப்போது தேர்ந்தெடுக்கலாம்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயிற்சி எடுக்கும் நாடு வேறு, வேலை பார்க்கும் நாடு வேறு என்றால் இரண்டு நாட்டுத் தகுதியும் உங்களுக்கு வேண்டும். ஓர் உதாரணம்: அமெரிக்காவில் சிபிஎல் பைலட்டாகப் பணியாற்ற இரண்டாம் வகுப்பு மெடிக்கலே போதும். அதை மட்டும் எடுத்து அங்கே பயிற்சியை முடித்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவர், முதல் வகுப்பில் தேறாமல் போனால் அந்த லைசென்ஸை மாற்ற முடியாமல் நிற்பார். படிப்பு நிபந்தனையும் அப்படித்தான். மாற்றும்போது எழுத்துத் தேர்வுகளை மறுபடி எழுத வேண்டியிருக்கும். அமெரிக்க லைசென்ஸோடு ஐரோப்பாவுக்குப் போகிறவர் அங்கே 13 பாடங்களையும் எழுதத்தான் வேண்டும். ஆகவே வேலை நாட்டை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஸ்கூலைப் பற்றி, விளம்பரத்தில் இருப்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் இன்றைய தேதியில் பெயர் இருக்கிறதா? எத்தனை விமானங்கள், அவற்றில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை? இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது அபூர்வம். எத்தனை மாணவர்களுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்டர்? போன வருடம் சேர்ந்தவர்கள் இப்போது எத்தனை மணி நேரத்தில் இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை அலுவலகத்தில் கேட்காதீர்கள். கேன்டீனில் மாணவர்களிடம் கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். பாதியில் மூடிய ஸ்கூல்கள் உலகம் முழுக்க உண்டு. கட்டக் கட்டப் பறக்கும் முறையே பாதுகாப்பு.

எழுத்துத் தேர்வு

விமானச் சட்டம், விமானத்தின் பொதுத் தொழில்நுட்பம், செயல்திறனும் பயணத் திட்டமும், மனித இயல்பு, வானிலை, வழிகாணல், இயக்க நடைமுறை, பறத்தலின் அடிப்படை, ரேடியோ தொடர்பு என ஒன்பது துறைகளை ஐகாவோ பட்டியலிடுகிறது. ஒவ்வொரு நாடும் இவற்றைப் பிரித்தோ சேர்த்தோ தாள்களாக்குகிறது. இந்தியாவில் தேர்ச்சிக்கு 70 சதவீதம், ஐரோப்பாவில் 75. பறக்கத் தொடங்கும் முன்பே பெரும்பாலான தாள்களை முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் தேர்வுக்காகப் பறப்பதை நிறுத்தினால் கை மறந்துவிடும்; மறந்ததைத் திரும்பக் கற்க மறுபடி விமான வாடகை கட்ட வேண்டும்.

200 மணி நேரம் என்றால் என்ன

ஐகாவோ கணக்குப்படி சிபிஎல்லுக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் படித்தால் 150. அமெரிக்காவில் பொது வழியில் 250, அங்கீகரித்த பள்ளிகள் வழியே 190. சிமுலேட்டரில் செலவிட்ட நேரத்தை ஆணையம் ஏற்றாலும் ஐகாவோ கணக்கில் அதிகபட்சம் 10 மணி நேரம்தான் சேரும்.

மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். உள்ளே பிரிவுகள் உண்டு. 200-ல் 100 மணி நேரம் தலைமை பைலட்டாக, அதாவது பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் கற்றுத்தராமல், பொறுப்பு முழுவதும் உங்களுடையதாக. 150 மணி வழியில் இது 70. அதில் 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போகும் பறத்தல். குறைந்தது ஒரு பயணமாவது 540 கிலோமீட்டருக்குக் குறையாமல், இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுவதும் நின்று புறப்பட்டதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி 10 மணி. இரவில் பறக்கும் உரிமை வேண்டுமானால் 5 மணி, அதில் தலைமை பைலட்டாக 5 புறப்பாடு, 5 தரையிறக்கம். இந்தப் பிரிவுகளில் சிலவற்றை நாடுகள் கூட்டும்.

அந்த 540 கிலோமீட்டர் பயணம்தான் பயிற்சியிலேயே நல்ல பகுதி என்பேன். முந்தின நாள் வரைபடத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் திசை, தூரம், நேரம், எரிபொருள் எழுதி வைத்திருப்பீர்கள். காலையில் வானிலை அறிக்கை வந்ததும் காற்று மாறியிருக்கும், பாதிக் கணக்கை அழித்துத் திரும்பப் போட வேண்டும். மேலே போனதும் ஆறு, ரயில் பாதை, ஏரி என்று குறித்து வைத்த அடையாளம் வர வேண்டிய நிமிடத்தில் வருகிறதா என்று கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள். ஏரி இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் எதிர்க்காற்று நினைத்ததைவிட அதிகம், அடுத்த கட்டத்துக்கு எரிபொருள் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். பக்கத்து இருக்கை காலி. கேட்க ஆள் கிடையாது.

கருவிப் பறத்தல் வேறு மாதிரி. வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மேல் ஒரு மறைப்பைப் போட்டுவிடுவார்கள். சில நிமிடங்களில் விமானம் சாய்கிறது என்று உள்காது அடித்துச் சொல்லும். கருவி நேராகப் போகிறாய் என்று காட்டும். கருவியை நம்பிப் பழகும்வரை வயிறு கலங்கத்தான் செய்யும்.

லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். தேதி, விமான வகை, பதிவு எண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், நேரம், இன்ஸ்ட்ரக்டரோடா தனியாகவா, பகலா இரவா. நேரம் என்பது சக்கரம் தரையை விட்டதிலிருந்து இல்லை. புறப்படுவதற்காக விமானம் முதலில் நகர்ந்ததிலிருந்து கடைசியில் நின்றது வரை. ஒரு நிமிடம்கூடக் கூட்டி எழுதாதீர்கள். விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடும் ஸ்கூலின் பதிவேடும் உங்கள் லாக்புக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று ஆணையம் பார்க்கும். போலி மணி நேரம் பிடிபட்டு லைசென்ஸ் இழந்தவர்கள் உண்டு.

திறன் தேர்வும் அதற்கு மேலும்

கடைசியில் பரிசோதகர் ஒருவர் கூடவே பறந்து பார்ப்பார். ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலை) மீள்வது, இன்ஜின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு இடம் தேடி இறங்குவது, வழிகாணல், ரேடியோ எல்லாம் அதில் வரும். தவறு செய்தாலும் அதை உடனே கவனித்துச் சரிசெய்பவரைத் தேர்வாளர்கள் மதிப்பார்கள். தவறைக் கவனிக்காமலே போகிறவர்தான் தோற்பார்.

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது. விமான நிறுவனத்தில் சேர அது மட்டும் போதுமா? போதாது. இரட்டை இன்ஜின் ரேட்டிங் (ரேட்டிங் என்பது லைசென்ஸில் சேரும் கூடுதல் தகுதி), மேகத்துக்குள் பறக்க இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அப்புறம் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். முதல் இரண்டையும் சிபிஎல்லோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். டைப் ரேட்டிங்குக்கு அவசரப்படாதீர்கள். வேலை உறுதியாகாமல் சொந்தச் செலவில் எடுத்து, அந்த வகை விமானத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் இல்லாமல் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

நாட்டைப் பொறுத்துச் சேரும் தகுதியும் மாறும். பல நாடுகளில் 200 மணி நேரத்தோடு துணை பைலட்டாகச் சேரலாம். அமெரிக்காவில் 2013 முதல் விமான நிறுவனத்தின் துணை பைலட்டுக்கும் ஏடிபிஎல் நிலை லைசென்ஸ் கட்டாயம், அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம். விமானப் படையிலிருந்து வருபவர்களுக்கும் விமானவியல் பட்டதாரிகளுக்கும் சலுகை உண்டு. 2009-ல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததன் பின்விளைவு இது. அந்த விமானத்தின் இரண்டு பைலட்டுகளுக்கும் 1,500-க்கு மேலேயே மணி நேரம் இருந்தது, அதனால் இந்த விதி பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியிருந்தாலும், அங்கே சிபிஎல் முடித்தவர்கள் இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்த்து மணி நேரம் சேர்ப்பதுதான் வழக்கம். மற்ற நாடுகளிலும் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் நல்ல கைத்தொழில்.

லைசென்ஸுக்கும் முதல் வேலைக்கும் நடுவே காத்திருக்க நேர்ந்தால் மூன்று தேதிகளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்: மெடிக்கல் முடியும் நாள், ரேட்டிங்குகள் முடியும் நாள், கடைசியாகப் பறந்த நாள். 90 நாளுக்குள் மூன்று புறப்பாடு, மூன்று தரையிறக்கம் இல்லையென்றால் பல நாடுகளில் பயணிகளை ஏற்ற முடியாது. பணம் கைக்கடக்கமாக இருந்தால் மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் பறந்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் முதலில் புரட்டிப் பார்ப்பது லாக்புக்கின் கடைசிப் பக்கத்தைத்தான்.